கொம்பியூட்டர் கேள்வி பதில்: இன்ஸ்டோல் பண்ணப் போறது யாரு?

போன இதழ்ல "சொந்தமா ஒரு வெப் ஆப் செஞ்சு ஊர்ல நாலு பேருக்கு குடுக்க நினைக்கிறவங்க எழுதுங்க"ன்னு ஒரு வரி போட்டிருந்தோம், அதுக்கு வந்த கேள்விகள்ல பெரும்பாலானது பெக்கெண்டுக்கு (கண்ணுக்கு தெரியாம பின்னால ஓடுற பகுதி) எந்த ஸ்டெக் (மொழியும் டேட்டாபேஸும் சேர்ந்த கூட்டு) எடுக்கிறதுன்னு தான், அதனால இந்த மாசம் வைரஸ், பிரிண்டர் கேள்விகளெல்லாம் ஒதுக்கி வச்சிட்டு பக்கம் முழுக்க இதுக்கே விட்டாச்சு.

கேள்வி: அண்ணே, எங்க தோட்டத்து மரண சகாய சங்கத்துக்கு ஒரு வெப் ஆப் செய்றேன். குடும்பத்துக்கு ஒரு பதிவு, மாசச் சந்தா, ரசீது, யாரும் இறந்தா குடுக்குற காசு, வருஷக் கணக்கு, அவ்வளவு தான். இப்ப பக்கத்துத் தோட்டங்கள்லயும் ஏழெட்டு சங்கம் கேக்குறாங்க. எனக்கு வேலை கொழும்புல, ஒவ்வொரு இடத்துக்கும் போய் இன்ஸ்டோல் பண்ணிக் குடுக்க முடியாது. கூட்டாளி நோட் ஜேஎஸ்ஸும் மொங்கோ டிபியும் போடுங்கிறான், படிப்பிச்ச சேர் ஜாவா தான்கிறாரு, எனக்கு ஒழுங்கா தெரிஞ்சது பிஎச்பி. எதை எடுக்கிறது? (தலவாக்கலை வாசகர்)

பதில்: தம்பி, நீங்க கேட்டதுலயே பதில் பாதி இருக்கு, "நான் போக முடியாது"ன்னு சொல்லிட்டீங்க இல்லையா, அப்ப இன்ஸ்டோல் பண்ணப் போறது சங்கத்துப் பொருளாளர். அவரு ரிட்டயர் ஆன தோட்டத்துக் கிளாக்கரா இருக்கலாம், இல்ல ஏ-எல் எழுதிட்டு ரிசல்ட்டுக்கு காத்துக்கிட்டு இருக்கிற பிள்ளையா இருக்கலாம், கொம்பியூட்டர் யாரோ கொழும்பு யுனிட்டி பிளாஸால செகண்ட் ஹேண்ட்ல வாங்கிக் குடுத்ததா இருக்கும், இன்டர்நெட் போன்ல ஹொட்ஸ்பொட் போட்டா தான், அதுவும் சிக்னல் இருந்தா. எந்த மொழி வேகம், எதுக்கு வேலை கிடைக்கும்ங்கிறதெல்லாம் உங்க தொழிலுக்கு நல்ல கேள்வி தான், ஆனா இந்த ஆப்புக்கு அது ரெண்டாம் பட்சம். சம்பளம் போட்ட அன்னைக்கு சாயந்திரம் ஆளுங்க சந்தா கட்ட வந்து வரிசையில நிக்கிற நேரம் ஸ்கிரீன்ல ஏதோ எரர் வந்தா, அந்த மனுசன் யாருக்கும் போன் பண்ணாமலே சமாளிக்கணும், அது தான் உங்க அளவுகோல்.

இப்ப கூட்டாளி சொன்னத எடுத்துக்குவோம். ஜாவாஸ்கிரிப்ட்ட சேர்வர்ல ஓட்டுற நோட் போடணும், மொங்கோ டிபிங்கிற டேட்டாபேஸ தனியா ஒரு சேர்விஸா ஓட வைக்கணும், உங்க கோட போடணும், அதுக்கப்புறம் நோட் மொடியூல்ஸ்னு ஒரு ஃபோல்டர் நிறைய ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல் இறங்கணும். மூணு பஸ் மாறிப் போற ஊருக்கு ஒரு பஸ்ஸ விட்டாலும் நடுவழியில தான் நிக்கணும், இதுவும் அப்படித் தான். அது கிடக்க, மொங்கோ டிபி 5.0 பதிப்புல இருந்து சிபியூல ஏவிஎக்ஸ்னு ஒரு வசதி இருந்தா தான் ஓடும், இன்டெல்ல அது 2011ல வந்த சேன்டி பிரிட்ஜ் தலைமுறையில தான் ஆரம்பிச்சது, அதுக்குப் பிறகு வந்த மலிவான பென்டியம், செலரோன்லயும் நிறையத்துல கிடையாது. நம்ம பக்கம் சங்க ஒஃபிஸ்ல இருக்கிற மெஷின் எந்தக் காலத்ததுன்னு உங்களுக்கே தெரியும். சேர் சொன்ன ஜாவா நல்ல சாமான் தான், பேங்க்ல எல்லாம் அது தான் ஓடுது, ஆனா 2 ஜிபி ரேம் இருக்கிற மெஷின்ல ஸ்பிரிங்ங்கிற ஜாவா ஃபிரேம்வேர்க்க ஏத்தி அதோட ப்ரவுசரையும் திறந்தா மெஷின் மூச்சு வாங்கும்.

நான் உங்க இடத்துல இருந்தா கோலாங்ங்கிற மொழியும் எஸ்கியூலைட்ங்கிற டேட்டாபேஸும் எடுப்பேன். கோலாங் கூகிள்காரங்க 2009ல வெளியிட்டது, 2012ல 1.0 வந்துச்சு. அதுல எழுதின புரோகிராம் கம்பைல் ஆகி (மெஷின் மொழிக்கு மாறி) வரும்போது ஒரே எக்ஸ்ஈ ஃபைல், ரன்டைம்னு தனியா ஒண்ணும் வேண்டாம், வெப் சேர்வர் உள்ளயே இருக்கு, 2021ல வந்த 1.16ல இருந்து எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், லோகோ படம் எல்லாத்தையும் அந்த ஃபைலுக்குள்ளயே புதைச்சிடலாம். நீங்க கொழும்புல லினக்ஸ் லெப்டொப்ல இருந்துகிட்டே விண்டோஸுக்கு கம்பைல் பண்ணி பென் டிரைவ்லயோ வாட்ஸ்அப்லயோ அனுப்பலாம். பொருளாளர் டபுள் கிளிக் பண்ணுவாரு, ப்ரவுசர் திறக்கும், சங்கத்து பேரு என்ன, பாஸ்வேர்ட் என்னன்னு கேக்கும், முடிஞ்சுது. டேட்டாபேஸ் பக்கத்துக்கு எஸ்கியூலைட், அது சேர்வர் இல்ல, உங்க புரோகிராமுக்குள்ளயே கலந்துபோற ஒரு லைப்ரரி (ரெடியா எழுதி வச்ச கோட் தொகுப்பு), மொத்த டேட்டாவும் ஒரே ஃபைல்ல இருக்கும். 2000ல ரிச்சர்ட் ஹிப்னு ஒருத்தர் தொடங்கினது, இன்னைக்கு உங்க கையில இருக்கிற ஆண்ட்ராய்ட் போன்லயும் அது தான் இருக்கு, அத நம்பலாமான்னு கேக்குறவங்களுக்கு இது போதும்னு நினைக்கிறேன். ஒரு நேரத்துல ஒரு ஆள் தான் எழுத முடியும்ங்கிறது அதோட எல்லை, ஆனா எழுதுறதே மில்லி செகண்ட் வேலை, ஒரு நாளைக்கு ஒரு லட்சம் ஹிட்டுக்கு குறைஞ்ச சைட்டுக்கு தாராளமா போதும்னு அவங்க டொக்கியுமென்ட்லயே இருக்கு, முன்னூறு நானூறு குடும்பம் உள்ள சங்கத்துக்கு அது கடல் மாதிரி பெருசு.

ஆனா இதுலயும் கல்லு முள்ளு இருக்கு, சொல்லிடறேன். கோலாங்குக்கு எஸ்கியூலைட் டிரைவர் ரெண்டு விதமா கிடைக்கும், ஒண்ணு சி கம்பைலர் கேக்கும், அத எடுத்தா லினக்ஸ்ல இருந்து விண்டோஸுக்கு கம்பைல் பண்றது தலைவலி, இன்னொண்ணு முழுக்க கோலாங்லயே இருக்கிறது, கொஞ்சம் மெதுவு தான் ஆனா உங்களுக்கு அது தான் சரி. அடுத்தது, டேட்டா ஃபைல புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டர்ல வைக்காதீங்க, சாதாரண யூசருக்கு அங்க எழுத பெர்மிஷன் இல்ல, புரோகிராம் டேட்டாலயோ யூசரோட சொந்த ஃபோல்டர்லயோ வைங்க. அந்த ஒரு மெஷின்ல மட்டும் பாவிக்கிறதுன்னா 127.0.0.1ல (அந்த மெஷினையே குறிக்கிற முகவரி) மட்டும் கேக்குற மாதிரி எழுதுங்க, ஃபயர்வோல் பெட்டி வந்து ஆள பயமுறுத்தாது. சில அன்டிவைரஸ் கோலாங்ல செஞ்ச எக்ஸ்ஈய சும்மாவே சந்தேகப்படும், கோலாங்காரங்களோட சொந்த கேள்வி பதில் பக்கத்துலயே இதப் பத்தி எழுதியிருக்காங்க, அதனால "இப்படி ஒரு எச்சரிக்கை வந்தா இத அழுத்துங்க"ன்னு ஸ்கிரீன்ஷொட்டோட ஒரு தாள் தமிழ்ல அடிச்சு பென் டிரைவோடயே குடுத்துடுங்க. எஸ்கியூலைட்ல ஃபொரின் கீ செக்கிங் (ஒரு டேபிள்ல உள்ள பதிவுக்கு உரிய ஆள் இன்னொரு டேபிள்ல இருக்கான்னு பாக்குறது) வழமையா ஓஃப்ல இருக்கும், கனெக்ஷன் திறக்குற ஒவ்வொரு தடவையும் ஓன் பண்ணணும், இல்லாட்டி உறுப்பினர அழிச்சாலும் அவரோட சந்தா மட்டும் அநாதையா கிடக்கும். காச சதக் கணக்குல முழு எண்ணா வைங்க, தசமம் வேண்டாம், வருஷக் கூட்டத்துல ஒரு ரூபா இடிச்சாலும் அந்தக் கேள்வி உங்க அப்பாகிட்ட தான் போகும்.

அப்டேட்டுக்கு பழைய எக்ஸ்ஈக்கு பதிலா புதுசப் போட்டா போதும்ங்கிற மாதிரி இருக்கணும். எஸ்கியூலைட்ல யூசர் வேர்ஷன்னு ஒரு நம்பர் ஃபைலுக்குள்ளயே வச்சுக்கலாம், புரோகிராம் ஸ்டார்ட் ஆகும்போது அத பாத்து, 3ல நிக்குது நமக்கு 5 வேணும்னா 4க்கும் 5க்கும் உரிய மாற்றத்த தானே செஞ்சுக்கும், அதுக்கு முன்னாடி ஒரு கொப்பி எடுத்து வச்சுக்கும். இத முதல் நாளே எழுதிடுங்க, ஏழெட்டு இடத்துல ஏழெட்டு விதமா டேபிள் இருந்தா அப்புறம் யாராலயும் நேராக்க முடியாது.

கோலாங் படிக்க நேரமே இல்ல, அடுத்த மாசமே குடுக்கணும்ங்கிறீங்களா, அப்ப உங்க பிஎச்பியே போதும். பிஎச்பிய ஸிப்பா எடுத்து உங்க கோடோட ஒரே ஃபோல்டர்ல வச்சு, எஸ்கியூலைட்ட சேர்த்து, ஒரு பெட்ச் ஃபைலால (கமாண்டுகள வரிசையா ஓட்டுற ஃபைல்) அதுக்குள்ள இருக்கிற குட்டி வெப் சேர்வர ஸ்டார்ட் பண்ண வைக்கலாம், 2012ல வந்த 5.4ல இருந்து அந்த வசதி இருக்கு. பொது நெட்வேர்க்ல அத போடாதீங்கன்னு மெனுவல்ல இருக்கு, ஒரு ஆள் ஒரு மெஷின்ல பாவிக்கிறதுக்கு ஓடும். விண்டோஸ்ல ஏதோ விசி ரன்டைம் டிஎல்எல் இல்லன்னு நிக்கும், மைக்ரோசொஃப்ட்டோட விசி ரீடிஸ்ட்ரிபியூட்டபிளையும் அதே பென் டிரைவ்ல போட்டு குடுங்க.

இன்னொரு வழி பொக்கெட்பேஸ், அதுவும் கோலாங், எஸ்கியூலைட்ல செஞ்ச ஒரே ஃபைல், லொகின், டேபிள், எட்மின் பக்கமெல்லாம் ரெடியா வருது, ஜாவாஸ்கிரிப்ட் மட்டும் தெரிஞ்ச ஆளுக்கு வரப்பிரசாதம். 1.0க்கு முன்னாடி பதிப்புக்கு பதிப்பு பெரிய மாற்றம் வரலாம்னு அவங்களே எழுதி வச்சிருக்காங்க, அதனால ஒரு பதிப்ப புடிச்சு அதுலயே நில்லுங்க.

கேள்வி: நாங்க ஒரு டியூஷன் சென்டர் நடத்துறோம், பிள்ளைகளோட வரவு, ஃபீஸ், பரீட்சை மார்க்ஸ் எல்லாம் அம்மா அப்பா போன்ல பாக்குற மாதிரி வேணும். ஏற்கனவே எங்க சைட்டுக்கு ஷெயார்ட் ஹோஸ்டிங் இருக்கு. செஞ்சு தர்ற பையன் பிஎச்பி எல்லாம் பழைய காலம், நோட்ல செய்வோம், சேர்வர் மாத்துங்கன்னு சொல்றாரு. இத அப்புறம் வேற சென்டர்களுக்கும் விக்கிற ஐடியா இருக்கு. (பண்டாரவளை வாசகர்)

பதில்: பழசு தான், 1995ல வந்தது. பழசா இருக்கிறது தான் இங்க உங்களுக்கு லாபம்.

ஷெயார்ட் ஹோஸ்டிங்ல ஒரே சேர்வர்ல நூத்துக்கணக்கான சைட்ட போட்டு மலிவா குடுக்க முடியுதுன்னா காரணம் பிஎச்பி ஓடுற விதம். யாராவது பக்கத்த திறக்கும்போது தான் உங்க கோட் ஓடும், பதில அனுப்பிட்டு எல்லாத்தையும் மறந்துடும், அடுத்த ஆள் வர்ற வரைக்கும் உங்க ஆப்னு ஒண்ணு மெமரில இல்ல. நோட் ஆப் அப்படி இல்ல, அது ராப்பகலா ஓடிக்கிட்டே இருக்கிற ஒரு புரோசஸ், ஆளே வராத ராத்திரி ரெண்டு மணிக்கும் மெமரிய புடிச்சுக்கிட்டு இருக்கும், விழுந்தா யாராவது தூக்கி விடணும். சில சீபெனல்ல (ஹோஸ்டிங்க நிர்வகிக்கிற பக்கம்) நோட் ஆப் போட வசதி இருக்கு, ஆனா நீங்க விக்கப் போற மத்த சென்டர்களோட ஹோஸ்டிங்ல அது இருக்கும்னு யாரு சொல்றது, பிஎச்பியும் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸும் இருக்கும்னு கண்ண மூடிக்கிட்டு சொல்லலாம். வெளிநாட்டு விபிஎஸ் (நீங்களே பாத்துக்க வேண்டிய வாடகை சேர்வர்) எடுத்தா டொலர்ல கார்ட்ல கட்டணும், அதோட அப்டேட், ஃபயர்வோல் எல்லாம் உங்க தலையில, இங்க உள்ள ஹோஸ்டிங் கம்பனின்னா ரூபாயில கட்டிட்டு அவங்க கழுத்த புடிக்கலாம்.

வேர்ட்பிரஸ் 2003ல வந்து உலகம் முழுக்க பரவினதுக்கு அதோட கோட் அழகு காரணமில்ல, அஞ்சு நிமிஷ இன்ஸ்டோல்னு அவங்க பெருமையா சொல்லிக்கிட்டது தான் முக்கிய காரணம்னு நான் நினைக்கிறேன். ஸிப்ப ஏத்து, விரி, டேட்டாபேஸ் பேரு பாஸ்வேர்ட் குடு, முடிஞ்சுது. உங்க பையனும் அதையே காப்பியடிக்கட்டும், வெட்கமில்ல. கொம்போசர் (வேண்டிய லைப்ரரிகள இறக்குற டூல்) ஓட்டுங்கன்னு கஸ்டமர்கிட்ட சொல்லக்கூடாது, அது இறக்கின வெண்டர் ஃபோல்டரையும் ஸிப்புக்குள்ளயே வச்சு குடுக்கணும். முதல் பக்கத்துலயே பிஎச்பி பதிப்பு சரியா, வேண்டிய எக்ஸ்டென்ஷன் இருக்கா, ஃபோல்டர்ல எழுத முடியுதான்னு தானே பாத்து, இல்லாதத மனுசருக்கு புரியிற தமிழ்ல சொல்லணும். இன்ஸ்டோல் முடிஞ்சதும் அந்த இன்ஸ்டோல் பக்கம் தானா பூட்டிக்கணும், இல்லாட்டி எவனாவது வந்து திரும்ப ஓட்டி சைட்ட தன் பேருக்கு மாத்திக்குவான். லாரவெல்ங்கிற பிஎச்பி ஃபிரேம்வேர்க்ல செஞ்சா இன்னொரு பொறி இருக்கு, பப்ளிக்னு இருக்கிற ஃபோல்டர் மட்டும் தான் வெளிய தெரியணும், முழு ஃபோல்டரையும் பப்ளிக் எச்டிஎம்எல்ல கொட்டினா டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் இருக்கிற என்வ் ஃபைல யாரும் ப்ரவுசர்லயே படிக்கலாம், இப்படி திறந்து கிடக்கிற சைட் இன்னும் எவ்வளவோ இருக்கு.

பிஎச்பி 7.4க்கு 2022 நவம்பரோட பாதுகாப்பு திருத்தம் நின்னுருச்சு, சீபெனல்ல போய் 8ல ஒரு புது பதிப்புக்கு மாத்திக்குங்க. மைஎஸ்கியூஎல்ல டேபிள் எல்லாம் யூடிஎஃப்8எம்பி4ங்கிற எழுத்து முறையில இருக்கட்டும், வெறும் யூடிஎஃப்8ல தமிழ் ஏறும், ஆனா ஒரு தாய் கொமென்ட்ல ஒரு இமோஜி போட்டதும் எரர் அடிக்கும். இன்னொண்ணு, பிள்ளைகளோட பேரு, அட்ரஸ், மார்க்ஸ் எல்லாம் இன்டர்நெட்ல வைக்கிறீங்க, நம்ம நாட்டுல 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம்னு ஒண்ணு இருக்கு, தேவையில்லாத விவரத்த கேட்டு வாங்கி வைக்காதீங்க, பிறப்புச் சான்றிதழ் ஸ்கேன் எதுக்கு டியூஷனுக்கு?

கேள்வி: எல்லாத்தையும் டொக்கர்ல போட்டுட்டா எந்த ஸ்டெக்கா இருந்தா என்ன? (ஹட்டன் வாசகர்)

பதில்: டொக்கர்னா ஆப்பையும் அதுக்கு வேண்டியதையும் ஒரே இமேஜா கட்டி, கன்டெய்னர்ங்கிற பெட்டிக்குள்ள ஓட்டுற முறை, அது ஏற்கனவே இன்ஸ்டோல் ஆகியிருக்கிற மெஷின்னா நீங்க சொல்றது சரி. லினக்ஸ் சேர்வர் வச்சு பாத்துக்கிற ஆள் இருக்கிற இடத்துக்கு என்னென்ன ஓடணும்னு எழுதின கொம்போஸ் ஃபைல் ஒண்ணு குடுத்தா ஒரே கமாண்ட்ல எழும்பிடும், அவங்களுக்கு அத விட சுகம் இல்ல. ஆனா விண்டோஸ் மெஷின்ல டொக்கர் டெஸ்க்டொப் போடணும்னா பயோஸ்ல வேர்ச்சுவலைசேஷன ஓன் பண்ணணும், டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள்ள லினக்ஸ ஓட்டுறது) போடணும், ரேமும் நிறைய வேணும், அதுக்கு மேல நூத்துக்கணக்கான எம்பில இமேஜ் இறங்கணும். மாசக் கடைசியில 1 ஜிபி டேட்டா கார்ட் போட்டு ஓட்டுற ஆள்கிட்ட இத சொல்லிப் பாருங்க. அதோட டேட்டாவ வொல்யூம்னு தனியா வைக்காம கன்டெய்னருக்குள்ளயே விட்டுட்டா, கன்டெய்னர அழிச்சு புதுசு போடுற அன்னைக்கு கணக்கும் சேர்ந்து போயிரும், டொக்கர் தெரிஞ்சவனுக்கு இது அரிச்சுவடி, ஆனா பொருளாளருக்கு தெரியாது. கேக்குறவங்களுக்கு டொக்கர் இமேஜும் குடுங்க, ஆனா அது தான் ஒரே வழின்னு வைக்காதீங்க. இன்ஸ்டோல் பண்ண கஷ்டமான ஒரு ஆப்ப டொக்கர் சுலபமாக்கிறதில்ல, அந்தக் கஷ்டத்த ஒரு பெட்டிக்குள்ள போட்டு மூடுது.

கேள்வி: எங்க சனசமூக நிலையத்துல இருக்கிறது விண்டோஸ் 7 மெஷின். தம்பி ஒருத்தர் கோலாங்ல செஞ்ச லைப்ரரி ஆப் குடுத்தாரு, டபுள் கிளிக் பண்ணினா எரர் வருது, அவரோட மெஷின்ல நல்லா ஓடுது. (மஸ்கெலியா வாசகர்)

பதில்: அவரு புது கோலாங்ல கம்பைல் பண்ணியிருப்பாரு. விண்டோஸ் 7ல ஓடுற கடைசி பதிப்பு 1.20, 2023 ஓகஸ்ட்ல வந்த 1.21ல இருந்து விண்டோஸ் 10 வேணும். 1.20ல திரும்ப கம்பைல் பண்ணித் தரச் சொல்லுங்க, மெஷின் 32 பிட்டான்னும் பாத்து சொல்லுங்க, அதுக்கு தனியா கம்பைல் பண்ணணும். பைத்தன்ல செஞ்சிருந்தாலும் இதே கதி தான், 3.8 தான் விண்டோஸ் 7க்கு கடைசி. ப்ரவுசரும் அப்படியே, குரோம் 109ஓட நின்னுருச்சு, அதனால பக்கத்துல ரொம்ப புது ஜாவாஸ்கிரிப்ட் வித்தையெல்லாம் வேண்டாம்னும் தம்பிகிட்ட சொல்லிடுங்க, சாதா எச்டிஎம்எல் ஃபோர்ம் எந்தக் காலத்துலயும் ஓடும்.

ஆனா என் மனசுல உள்ளத சொன்னா, விண்டோஸ் 7க்கு மைக்ரோசொஃப்ட் 2020 ஜனவரியோட கைய விட்டுருச்சு, விண்டோஸ் 10க்கும் 2025 ஒக்டோபரோட முடிஞ்சுது. லைப்ரரிக்கு மட்டும் தான் அந்த மெஷின்னா லைட்டான ஒரு லினக்ஸ் போட்டுடுங்க. கோலாங் ஆப் அதுக்கும் ஒரே ஃபைலா வரும், லினக்ஸ்ல சேர்விஸ்கள ஸ்டார்ட் பண்ற சிஸ்டம்டில ஒரு சின்ன ஃபைல் எழுதி வச்சா மெஷின் ஓன் ஆனதும் தானா எழும்பும், யாரும் ஐகன தேடி அலைய வேண்டாம்.

கேள்வி: பாடசாலை நூலகத்துல லெப்டொப்ல ஆப் ஓடுது, வைஃபைல என் போன்ல இருந்து 192.168ன்னு தொடங்குற அட்ரஸ அடிச்சா வருது. ஆனா புத்தகத்துல ஒட்டின கியூஆர் கோட ஸ்கேன் பண்ண கேமரா திறக்குதே இல்ல. லெப்டொப்ல மட்டும் திறக்குது. ஸ்டெக்க மாத்தணுமா? (பதுளை, ஒரு ஆசிரியை)

பதில்: வேண்டாம் டீச்சர், ஸ்டெக் மேல பழி இல்ல, அது ப்ரவுசர் போட்ட சட்டம். எச்டிடிபிஎஸ் இல்லாத பக்கத்துக்கு கேமராவ குடுக்க மாட்டாங்க, லோக்கல்ஹோஸ்ட்டுக்கு (ஆப் ஓடுற அதே மெஷினுக்கு) மட்டும் விதிவிலக்கு, அதனால தான் லெப்டொப்ல திறக்குது, போன்ல இல்ல. வீட்டு வைஃபை அட்ரஸுக்கு சேர்டிஃபிகேட் போடுறது முடியாததில்ல, சொந்தமா ஒரு டொமைன் வாங்கி டிஎன்எஸ் வழியா லெட்ஸ் என்கிரிப்ட்ல எடுக்கலாம், ஆனா மூணு மாசத்துக்கு ஒருக்கா புதுப்பிக்க இன்டர்நெட் வேணும், ஒரு பாடசாலை லைப்ரரிக்கு அது வீண் வேலை. சுலபமான வழி, யூஎஸ்பி பார்கோட் ஸ்கேனர் ஒண்ணு, கியூஆர் படிக்கிற வகையா பாத்து வாங்குங்க, கொம்பியூட்டருக்கு அது ஒரு கீபோர்ட் தான், படிச்சத டைப் பண்ணி என்டர் அடிச்சிடும், ஆப்ல ஒண்ணும் மாத்த வேண்டாம். காசு இல்லன்னா, கேமராவ நேரா திறக்காம படம் எடுத்து அப்லோட் பண்ற பட்டன வைக்கச் சொல்லுங்க, அதுக்கு எச்டிடிபிஎஸ் கேக்காது, எடுத்த படத்துல இருந்து கியூஆர ஆப் படிச்சுக்கும், ஒரு கிளிக் கூட தான் ஆகும்.

கேள்வி: உறுப்பினர் பேரெல்லாம் பாமினி ஃபொன்ட்ல எக்செல்ல இருக்கு. புது ஆப்புக்கு ஏத்தினா கண்டபடி வருது. கையால அடிச்சதையும் அகர வரிசையில போட்டா வரிசை தப்பா இருக்கு. (நுவரெலியா வாசகர்)

பதில்: ரெண்டும் வேற வேற நோய் சேர். பாமினில நீங்க அடிச்சது கொம்பியூட்டருக்கு இங்லிஷ் எழுத்து தான், ஃபொன்ட் மட்டும் தமிழ் முகமூடி போட்டுக் காட்டுது, அதனால ஏத்துறதுக்கு முன்னாடி யூனிகோடுக்கு மாத்தணும், மாத்துற டூல் நிறைய இருக்கு, ஆனா ஐடி நம்பர், இங்லிஷ் பேரு இருக்கிற கொலத்த (எக்செல் நிரல) அதுல போட்டுடாதீங்க, நல்லா இருக்கிறதும் நாசமாயிரும்.

வரிசைக்கு வருவோம். எஸ்கியூலைட் சும்மா யூனிகோட் நம்பர் வரிசையில தான் அடுக்கும். அந்த நம்பர்ல ன வந்து ந-வுக்கு அடுத்து நிக்குது, நம்ம நெடுங்கணக்குல அது கடைசி எழுத்து. அதனால கந்தசாமி, கமலா, கனகான்னு வர வேண்டியது கந்தசாமி, கனகா, கமலான்னு வரும். புள்ளியும் உயிர்க்குறிகளுக்கு பின்னாடி நிக்கிறதால கண்ணனுக்கு முன்னாடி கணேசன் வந்து உக்காந்துக்குவாரு. பிஎச்பில இன்டில் எக்ஸ்டென்ஷன் இருந்தா தமிழ் கொலேட்டர் (அகர வரிசையில அடுக்குற கருவி) இருக்கு, கோலாங்லயும் அதுக்கு லைப்ரரி இருக்கு. இல்லாட்டி பேர சேவ் பண்ணும்போதே ஒவ்வொரு எழுத்துக்கும் நெடுங்கணக்கு நம்பர போட்டு இன்னொரு கொலத்துல வச்சு அதால அடுக்குங்க, ஒரு மத்தியான வேலை.

தேடும்போது பேரு இருந்தும் வராட்டி இதையும் பாருங்க: கொ, கோ மாதிரி எழுத்துகள்ல அந்த ஒகரக்குறிய ஒரே குறியாவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமா ரெண்டாவும் சேமிக்கலாம், கண்ணுக்கு ஒண்ணு தான், கொம்பியூட்டருக்கு வேற வேற. ஏத்தும்போதே என்எஃப்சி நோர்மலைசேஷன் (ரெண்டு விதத்தையும் ஒரே விதமாக்கிறது) பண்ணிட்டா இது தீரும். ஆனா கௌரிய கொம்பும் ளகரமும் போட்டு "கெளரி"ன்னு அடிச்சு வச்சிருப்பாங்க பாருங்க, அத எந்த லைப்ரரியும் திருத்தாது, நீங்களே தேடிப் புடிக்கணும்.

கேள்வி: சந்தா பதியும்போது கரண்ட் போனா டேட்டாபேஸ் கெட்டுப்போகுமா? பெக்கப் எப்படி எடுக்கிறது? ஃபைல கூகிள் டிரைவ் ஃபோல்டர்லயே வச்சுக்கலாமா? (பொகவந்தலாவ வாசகர்)

பதில்: 2022ல ஒரு நாளைக்கு பதின்மூணு மணித்தியாலம் கரண்ட் இல்லாம இருந்த நாட்டுல இத முதல் கேள்வியாவே கேட்டிருக்கணும். எஸ்கியூலைட் பாதியில கரண்ட் போனாலும் ஒண்ணு முழுசா பதிஞ்சிருக்கும், இல்ல பதியவே பதியாது, அதுக்குத் தான் ஜேர்னல்னு ஒண்ணு வச்சிருக்கு. 2010ல வந்த வோல் மோட் (மாற்றத்த முதல்ல தனி ஃபைல்ல எழுதுற முறை) ஓன் பண்ணினா படிக்கிறவங்களும் எழுதுறவங்களும் ஒருத்தர ஒருத்தர் மறிக்காம வேகமா ஓடும், ஆனா அதுல சிங்க்ரனஸ் செட்டிங்க நோர்மல்ல விட்டா கரண்ட் போகும்போது கடைசியா பதிஞ்ச ஒண்ணு ரெண்டு மறையலாம், ஃபைல் கெடாது, பதிவு மட்டும் போகும். ரசீது கையில குடுத்துட்டு பதிவு இல்லன்னா சண்டை தான் வரும், காசு விஷயத்துக்கு ஃபுல்லுன்னு வைங்க, மெதுவாகிறது கண்ணுக்கு தெரியாது.

டிரைவ் ஃபோல்டர்ல ஓடுற ஃபைல வைக்கவே வேண்டாம், ரெண்டு மெஷினுக்கு நடுவுல ஷெயார் பண்ண ஃபோல்டர்லயும் வேண்டாம், பூட்டு ஒழுங்கா வேலை செய்யாம கெட்டுப்போகும். வோல் மோட்ல பக்கத்துலயே இன்னும் ரெண்டு ஃபைல் இருக்கும், மெயின் ஃபைல மட்டும் கொப்பி பண்ணினா கடைசி பதிவுகள் வராது. ஆப்புக்குள்ளயே ஒரு பட்டன் வைக்கச் சொல்லுங்க, வெக்யூம் இன்டூன்னு 2019ல இருந்து ஒரு கமாண்ட் இருக்கு, ஓடிக்கிட்டு இருக்கும்போதே சுத்தமான ஒரு கொப்பிய திகதி போட்டு பென் டிரைவ்ல எழுதிடும், அந்தக் கொப்பிய டிரைவ்ல ஏத்துங்க, தப்பில்ல. மாசத்துக்கு ஒருக்கா அந்தக் கொப்பிய வேற மெஷின்ல திறந்தும் பாருங்க.

கேள்வி: இதெல்லாம் சும்மா கிடைக்கிற சாமான், இதுல செஞ்சத காசுக்கு விக்கலாமா? (நோர்வுட் வாசகர்)

பதில்: தாராளமா. எஸ்கியூலைட் பொதுச் சொத்து, கோலாங் பிஎஸ்டி லைசன்ஸ், பிஎச்பிலயும் தடை இல்ல. மைஎஸ்கியூஎல் மட்டும் ஜிபிஎல், கஸ்டமரோட ஹோஸ்டிங்ல இருக்கிறத பாவிச்சா கவலை இல்ல, ஆனா உங்க பூட்டின சொஃப்ட்வெயாரோட சேர்த்து கட்டிக் குடுக்குறதுன்னா லைசன்ஸ படிச்சிட்டு செய்யுங்க. இன்ஸ்டோலுக்கு ஒரு விலை, வருஷாவருஷம் அப்டேட்டுக்கு ஒரு விலைன்னு ஆரம்பத்துலயே தாள்ல எழுதி கையெழுத்து வாங்கிடுங்க, ரெண்டாவது தான் சொந்தக்காரங்ககிட்ட கேக்க சங்கடமா இருக்கும்.